மூடியிருந்தது

கேள்வி ஒரு வரிதான்.
பிப்ரவரி ஒன்று முதல் பதினான்கு வரை
கிரோஹெய் மலைப்பாதை எத்தனை முறை மூடப்பட்டது?
கேட்டது ஒரு காப்பீட்டு நிறுவனம்.
அதன் பின்னால் ஒரு லாரி,
தாமதமென்று சந்தை திருப்பியனுப்பிய
பதினெட்டு டன் சால்மன் மீன்.

என் அட்டவணையில் நான்கே பத்திகள்:
பாதை, பழைய நிலை, புதிய நிலை, நேரம்.
பாதை திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும்,
அல்லது பனிவாரும் வண்டி முன்னே போக
மற்றவை எறும்புச் சாரையாய்ப் பின்னே ஊரும்.
நான்காவது நிலை
எங்கள் மலைக்குத் தெரியாது.

எழுதினேன்:
புதிய நிலை மூடல் என்றால்,
நேரம் இந்த இரண்டு தேதிக்கு இடையில் என்றால்,
எண்ணு.
காபியை ஊதிக் குடிப்பதற்குள் விடை வந்தது.
பூஜ்யம்.

தோளுக்குப் பின்னால் நின்ற ஸ்டைனார்
"அப்படியே அனுப்பிவிடு, குன்வோர்.
பூஜ்யத்தை எவனும் திருப்பிக் கேட்கமாட்டான்" என்றார்.

அனுப்பியிருப்பேன்.
சும்மா, கை அரிப்பில்,
திறந்ததையும் எண்ணச் சொன்னேன்.
ஒன்று.
பிப்ரவரி மூன்று, பிற்பகல் இரண்டு ஐந்து.

மூடாத கதவு
திறந்தது எப்படி?

தேதியின் வேலியைப் பிடுங்கி
ஒரு முழம் தள்ளிப் பின்னால் நட்டேன்.
அங்கே உட்கார்ந்திருந்தது அந்த வரி,
ஜனவரி முப்பத்தொன்று, இரவு பதினொன்று நாற்பத்தெட்டு.
மாதம் பிறக்கப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

மறுமுனையும் ஓட்டை.
பதினான்கு வரை என்று நான் எழுதியதை
பதினான்கு பிறக்கும் நொடி வரை என்று
இயந்திரம் புரிந்துகொண்டிருக்கிறது.
அன்று காலை ஆறு இருபதுக்கு விழுந்த தடை
வெளியே நின்றுவிட்டது.
அதன் மேல் தப்பில்லை. சொன்னதைச் செய்தது.

தடைக்கம்பத்தில் காவலிருக்கும் ஔதுனுக்குப் போன் போட்டேன்.
"நான்தான் இறக்கினேன், காற்று என் தொப்பியைக் கொண்டுபோன இரவு.
முதல் வண்டி ஒரு லித்துவேனியன், வைடோடாஸ்.
கம்பத்துக்கு நாலடி முன்னால் நிறுத்தினான்.
சூப் கொண்டுபோகும்போதெல்லாம்
மகளோடு பேசிக்கொண்டிருப்பான்.
'இதோ திறந்துவிடும்.'
அவன் பாஷையில் அந்த ஒரு வாக்கியம்
இப்போது எனக்கும் மனப்பாடம்."

அறுபத்திரண்டு மணி, பதினேழு நிமிடம்.
முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால்
ஒருவன் உட்கார்ந்திருந்ததற்கு
என் ஏட்டில் வரி கிடையாது.
காத்திருப்பது மாற்றம் அல்ல.
மாறினால்தான் எழுதுவோம் நாங்கள்.
மலை இன்றும் அங்கேயே இருக்கிறது என்று
யார் பதிவு செய்கிறார்கள்?

திங்கட்கிழமைகளில்
"வார இறுதியில் என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள்.
ஒன்றுமில்லை என்பேன்.
பொய்யில்லை.
ஹால்வார் போனது அக்டோபரில்.

ஆகவே புதிதாக எழுதினேன்.
முதலில், தொடக்கத் தேதிக்கு முந்தைய
கடைசி மாற்றத்தைத் தேடு.
எவ்வளவு பழையதானாலும் சரி.
அது எந்த நிலையில் விட்டுப்போனதோ
அந்த நிலையில்தான் முதல் நாள் விடிகிறது.
பிறகு எண்ணு.
கடைசித் தேதிக்கு மறுநாள் பிறக்கும் வரை,
அந்த நொடி சேராமல்.

இரண்டாம் முறை காபி ஆறிப்போனது.

விடைப்பெட்டி எண்ணை மட்டுமே வாங்கும்.
ஒன்று என்று போட்டேன், பதினான்காம் தேதிக்காக.
கீழே குறிப்பு என்றொரு குறுகிய கட்டம்,
யாரும் நிரப்பாதது.
அதில் எழுதினேன்:

ஒன்றாம் தேதி பாதையை யாரும் மூடவில்லை.
மூடியிருந்தது.

ஸ்டைனார் இருமுறை படித்தார்.
"இரண்டும் ஒன்றுதானே?" என்றார்.