ஸ்பாட் சர்வே

கண்ணாடி மேசைமேல் இரண்டையும் வைத்தான் முபாரக்.
ஒன்று அரைச் செங்கல் கனம்,
கழுத்தில் மாட்ட வார், வாயைப் பொத்த மூடி.
இன்னொன்று தீப்பெட்டிக்கு அண்ணன்.
சட்டைப்பையில் போட்டால் பேனாவுக்கும் இடமிருக்கும்.

நேதாஜி பைபாஸ் ரோட்டில் மதியம் மூன்று மணி.
வெளியே பென்னாகரம் பஸ்
ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் நின்றது.

"இதைப் பாருங்க சார்." பெரியதைத் தூக்கி
வாசலில் நின்ற கொய்யாக்காரம்மாவை எடுத்தான்.
கதவு சாத்தியதுபோல் ஒரு சத்தம்.
மூக்குத்திக் கல்லின் கீறல்வரை தெரிந்தது.
அவளுக்குப் பின்னால் எல்லாம்
நீரில் விழுந்த மை.
"பேக்ரவுண்டு எப்படி அழிஞ்சிடுச்சு பாத்தீங்களா!"

பார்த்தேன்.
அதுதான் தொந்தரவு.

என் பிழைப்பே பின்னால் இருப்பதில்.
தொப்பூர்ச் சரிவில் லாரி கவிழ்ந்தால்
நொறுங்கிய கேபினும் வேண்டும்,
அதன் பின்னால் கிலோமீட்டர் கல்லும் வேண்டும்,
டயர் இழுத்த கருங்கோடு
எந்த வளைவில் தொடங்கியது என்பதும் வேண்டும்.
அழகாக மங்கிய சரிவைக் காட்டினால்
கம்பெனி வக்கீல் கேட்பார்,
"இது எந்த ஊர்ச் சரிவு?"

சின்னதற்குக் கண் சின்னது.
ஆனால் கிட்ட, தூர என்று ஆள் பார்க்காது.
நெளிந்த இரும்பு, கொட்டிய டீசல், குரங்கு,
மேட்டில் யாரோ காயப்போட்ட லுங்கி,
அத்தனையையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடும்.
பென்சில் செல் இரண்டு போதும் அதற்கு.
ராத்திரி இரண்டு மணிக்கும்
இரட்டைப் பாலத்து டீக்கடையில் கிடைக்கும்.

கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் போன ஆவணியில்
பாலக்கோட்டுத் தக்காளி நானூறு கிரேட்
ரோடெல்லாம் கொட்டிக் கிடந்த அன்று,
ஒரு பையன், சட்டையைத் தொட்டிலாக்கி,
தடுப்புச் சுவரிலிருந்து குதித்தான்.
அமுக்கினேன்.
ஆபீஸின் பழைய சின்னக் கேமரா யோசித்தது.
மூக்கை நீட்டி, விளக்கு மினுக்கி, தொண்டையைச் செருமி
எடுத்தபோது
வெறும் சுவர். அதன்மேல் ஒரு தக்காளி.

கிளெய்ம் ஃபாரத்தில் பையனுக்குக் கட்டமில்லை, சரி.
ஆனாலும் ஒன்பது மாதமாய்
அந்தக் குதி என் விரலில் இருக்கிறது.

சொன்னேன். பெரியதைக் கையில் திணித்தான்.
"இது காத்திருக்காது சார். அமுக்கினா அமுக்கினதுதான்."
ஒட்டிப் பார்த்தேன். மற்ற கண் தானாக மூடிக்கொண்டது.
உள்ளே ஓர் இருட்டறை, அதில் ஒரு ஜன்னல்.
நகரும் பஸ்ஸில் ஓடித் தொற்றியவனின் கால்
தரையில், காற்றில், படியில்.
மூன்றும் கிடைத்தன.
இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
"தவணை போட்டுக்கலாம் சார்."
ஆசையாகத்தான் இருந்தது.

அதே தக்காளி லாரி.
சேஸிஸ் நம்பரைக் குறிவைத்து அமுக்கியிருந்தேன்.
கேமரா வழக்கம்போல் யோசித்த அரை நொடியில்,
அதுவரை கல்மேல் உட்கார்ந்து
ஒரு வார்த்தை பேசாதிருந்த டிரைவர்,
சங்ககிரி அர்த்தனாரி,
எழுந்து வந்து துண்டால் அதைத் துடைத்தார்,
எனக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று.
படத்தில் நம்பர் இல்லை.
சேறும் தக்காளி விதையும் ஒட்டிய ஒரு கை.
திரும்ப எடுத்ததைத்தான் அனுப்பினேன்.
இதை அழிக்கவில்லை.

"எதை பேக் பண்ணட்டும்?"

கொய்யாக்காரம்மா உள்ளே எட்டினாள்.
"என்னை எடுத்தியே, காட்டு."
காட்டினான்.
வெகுநேரம் பார்த்தாள்.
"எங்கடா என் கூடை?"

சின்னதை வாங்கினேன். எட்டு பென்சில் செல்லும்.
வாசலில் இறங்கி, கூடையோடு அவளை அமுக்கினேன்.
யோசித்தது.
அதற்குள் அவள் ஒரு காயை நாலாகக் கீறி
மிளகாய்ப்பொடி தூவத் தொடங்கியிருந்தாள்.