கோரையாற்றுக் கரைக்கு ஒரு சைக்கிள்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது
(என்றைக்குத் திறந்திருந்தது?).
பஸ்ஸிலிருந்து இறங்கி
எதிர்க்கடையில் போய்க் கேட்டேன்:
ஒரு சைக்கிள் என்ன விலை?

ஜபருல்லா விலை சொல்லவில்லை.
யாருக்கு என்றார்.
எனக்கு.
ஓட்டத் தெரியுமா என்று கேட்காத
முதல் ஆள் அவர்தான்.
எங்கே ஓட்டுவீங்க?

ஆற்றுக்கரை மேல்.
மூணாறு தலைப்பிலிருந்து தெற்கே பதினோரு கிலோமீட்டர்,
ஒன்பது மதகு.
ஷட்டர் திருகும் சாவி ஒன்று உண்டு,
ஆறு கிலோ.
அதையும் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

கியர் வைத்தது வாங்கு என்றிருந்தான் தங்கச்சி மகன்.
மலை எங்கேடா இருக்கிறது நம் தாலுகாவில்?
ஏற்றம் என்றால் பாலத்து மேடு.
இறக்கம் என்றால்
அதே பாலத்தின் மறுபக்கம்.
மைலுக்கு ஓர் அடி சரிவு என்பார் எங்கள் ஓவர்சியர்.
தண்ணீருக்கு அது தெரிகிறது.
என் முழங்காலுக்குத் தெரிந்ததில்லை.

சேலையா சுடிதாரா?
சேலை, மேலே காக்கிச் சட்டை.
அப்படின்னா செயினுக்கு முழுக் கவர்,
பின் சக்கரத்துக்கு வலை.

ஒற்றைக்கால் ஸ்டாண்டு பார்க்க அழகாயிருந்தது.
களிமண்ணுல ஒத்தக்கால்ல
கொக்குதாம்மா நிக்கும் என்று
ரெட்டைக்கால் பூட்டினார்.

டைனமோவா, பேட்டரி விளக்கா?
டைனமோ ஓடினால்தான் எரியும்.
எனக்கோ நின்ற இடத்தில் வெளிச்சம் வேண்டும்.
நடுச்சாமத்தில் மதகில் பலகை சொருகியிருப்பான் ஒருவன்,
அவன் முகத்தில் அடிக்க.

பெல்?
ஆளில்லாத கரையில எதுக்கு பெல்லு என்றார்.
வேண்டும் என்றேன்.
நான் வருவது அவனுக்கு முன்கூட்டியே கேட்டால்
பலகையை உருவிவிட்டுப் போய்விடுவான்.
இரண்டு பேருக்கும் மரியாதை.

கேட் திறந்து, மூடி,
மறுபடி திறந்தது.

ஆனியில் தண்ணீர் வந்தது.
சருகும் நுரையும் ஒரு பிள்ளையின் செருப்புமாய்
உருட்டிக்கொண்டு வந்த அதன் தலைக்கு
ஒரு முழம் முன்னால் மிதித்தேன்.
நாலாம் மதகுக்கு முன்னால் கருவேல முள்.
புஸ்ஸென்று உட்கார்ந்தது பின் டயர்.
தண்ணீர் என்னைத் தாண்டிப் போயிற்று,
ஏன் நின்றாய் என்றுகூடக் கேட்காமல்.

சாவிப்பையில் பஞ்சர் சாமான் இருந்தது.
ஓட்டை எங்கே என்றுதான் தெரியவில்லை.
படியிறங்கி, ட்யூபுக்குக் காற்றடித்து,
வந்த தண்ணீரிலேயே முக்கினேன்.
குமிழ் குமிழாய்க் காட்டிக்கொடுத்தது காவிரி.
ஒரு மணி நேரம் முன்னால் முள் குத்தியிருந்தால்
முக்கிப் பார்க்க ஒரு குவளை கிடைத்திருக்காது
அந்த ஆற்றில்.

ஐப்பசி.
மட்கார்டுக்குள் சேறு அப்பி சக்கரம் சுற்றவில்லை.
குச்சியால் நோண்டினேன். மறுவாரம்
முன் மட்கார்டைக் கழற்றி வீட்டில் மாட்டிவிட்டேன்;
நெற்றிவரை சேறு தெறித்ததைப் பார்த்து
நடவுப் பெண்கள் சிரித்தார்கள்.
பிரேக் கட்டை தேய்ந்த ஒரு நாளில்
எருமை ஒன்று எனக்கு பிரேக் ஆனது.
செயினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு
எறும்பையும் தூசியையும் சேர்த்து ஓட்டியதை
ஜபருல்லாவிடம் சொல்லவில்லை.
கவரைத் திறந்தவர்
முகர்ந்து பார்த்துவிட்டு
தாளிக்கலாமே என்றார்.

தை பிறந்ததும் மொத்தமாய்ப் பிரித்தார்.
குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி,
கிரீஸ் வைத்து,
கோணிய சக்கரத்தை ஒவ்வொரு கம்பியாய் இழுத்து நேராக்கி,
பின்னால கல்லு மாதிரி காத்து இருக்கணும்,
முன்னால கொஞ்சம் தொய்வு பரவாயில்லை,
போய்ட்டு வாங்க என்றார்.

அன்று சாயங்காலம் கரையில் எதிர்காற்று இல்லை.
ஆறாம் மதகு தாண்டி, கால் வலித்து,
மிதிப்பதை நிறுத்தினேன்.
சைக்கிள் நிற்கவில்லை.
பனைமரம் ஒன்று போனது.
இன்னொன்று போனது.
பக்கத்தில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது
எந்தச் சத்தமும் இல்லாமல்.

ஏதாவது குறை இருக்கா என்றார் மறுநாள்.
மிதிக்காமலே ஓடுது.
எந்தப் பக்கம்?
கடல் பக்கம்.
சரிதான் என்று சாவணத்தைத் துடைத்தார்.

திரும்பி வருகையில் மட்டும்
மைலுக்கு ஓர் அடி.