கூட்டு மாதிரி

அரையடியில் செம்மணல்.
ஒன்றரை அடியில் பழுப்பேறிய மணற்சாரி.
மூன்றடியில் துரப்பணம் கிறீச்சிட்டு நின்றது:
சிப்பி ஓடு.
கடல் இங்கே குடியிருந்து
காலி செய்துகொண்டு போயிருக்கிறது,
வாடகை பாக்கியோடு.

வாலிநோக்கத்துக்கு வடக்கே தேரி முடிந்து
மேட்டின் உச்சி மேசைபோல் மட்டமாகும் இடம்.
புல எண் நூற்றுப் பதினேழு, உட்பிரிவு இரண்டு ஆ.
பழைய பதிவேட்டில் ஒருபோக நஞ்சை.
அடங்கலில் ஏழு பசலியாக வெறுங்கோடு.
வரைபடத்தில் கண்மாய் நீலம்,
நேரில் அது சீமைக்கருவேலப் பச்சை.

சரிவு ஒரு விழுக்காடு என்கிறது கருவி.
கோலிக்குண்டை வைத்தால் யோசித்து நிற்கும்.
தண்ணீர் யோசிப்பதில்லை.
மேல் பாதியில் பெய்ததைக்
கீழ்ப் பாதிக்கு இழுத்துப்போய்
அங்கேயே ஆவியாகி
உப்பை மட்டும் வைத்துவிட்டுப் போகிறது.
காலை வெயிலில் கீழ் வரப்போரம்
கல்யாண வீட்டுச் சுவர்போல் வெள்ளை.

"தரிசுன்னு எழுதிப்புடுங்க மேடம்,"
பூவலிங்கம் குடையை என் தலைக்குப் பிடித்தார்.
சூரியத் தகடு நட ஆள் வந்து
ஏக்கருக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
நஞ்சை என்று இருந்தால் கோப்பு நகராதாம்.
"இதுல என்னத்த வெளையப்போகுது?
நீங்களே நக்கிப் பாருங்க."
நக்கிப் பார்த்தேன். கரித்தது.
நான் நின்ற இடம் அவர் நிறுத்திய இடம்.

அக்காள் நம்புத்தாய் மேல்மூலையில்
முண்டு மிளகாய்ப் பாத்திக்குள் குனிந்திருந்தாள்.
பத்து சென்ட் இருக்கும்.
பிளாஸ்டிக் குடத்தின் அடியில் ஆணித்துளை போட்டு
செடி செடியாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.
அவளுடைய நீர்ப்பாசனத் திட்டம் அது.
எந்தத் தரத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

ஈரமாக்கிப் பிசைந்தேன்.
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாடா இழுத்தால்
மேல்மூலை மண் ஓர் அங்குலம் வந்து அறுந்தது.
நடுவயல் மண் அரை அங்குலம்.
கீழ்மண் விரலிலேயே உதிர்ந்தது,
கேள்வி கேட்ட பிள்ளை முழிப்பதுபோல.

"மேப்பாதிக்கு ஒண்ணு, கீப்பாதிக்கு ஒண்ணுன்னு
ரெண்டா எழுத முடியாதா?" நம்புத்தாய் நிமிராமல் கேட்டாள்.
"ஒரு உட்பிரிவுக்கு ஒரு எழுத்துதான்."
"மண்ணு அப்பிடியில்லியே."
"படிவம் அப்படி."
அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.
அது எனக்கு வசதியாக இல்லை.

விதி இதுதான்.
குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடம்.
ஆப்பு வடிவத்தில் வெட்டி வாளியில் போட வேண்டும்.
கையால் கலக்கி, நாலாகப் பிரித்து,
எதிரெதிர் இரண்டைத் தள்ளி, மறுபடி கலக்கி,
அரைக்கிலோ மிஞ்சும்வரை.
மிளகாய் நின்ற மண்ணும்
கால் பொரிந்த மண்ணும் வாளிக்குள் ஒன்றாயின.
இப்போது என்னிடம் இருந்தது
அந்த வயலில் எங்குமே இல்லாத மண்.

பத்தாவது குழிக்கு எங்கே போவது?
நான் வைக்கப்போகும் அடிதான்
ஆய்வகத்தில் ஒரு புள்ளி ஏறும், இறங்கும்.
பூவலிங்கம் குடையோடு கீழே நடந்தார்.
நம்புத்தாய் குடத்தை அடுத்த செடிக்கு நகர்த்தினாள்.
வெயிலில் என் நிழல் இரண்டு கால்களுக்கு நடுவில்
சுருண்டு கிடந்தது.

நடந்தேன்.
எந்தப் பக்கம் என்று குறிப்பேட்டில் இல்லை.
துணிப்பைச் சீட்டில் புல எண், ஆழம், தேதி எழுதி முடிப்பதற்குள்
கடற்காற்றில் மை கசிந்து
இரண்டு ஆ என்பது இரண்டு அ-வாகத் தெரிந்தது.
மேலே இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.

சாயல்குடியில் கடைசி பஸ்ஸுக்கு முன்
பரோட்டாக் கடையில் சோறுதான் இருந்தது.
குழம்பில் உப்பு கூடுதல் என்று சத்தம் போட்டேன்.
மற்ற மேசைகளில் யாரும் நிமிரவில்லை.
சோப்புப் போட்டு
இரண்டு தடவை கழுவிய கை.