நூற்று எழுபத்தைந்து மணி நேரம்

வள்ளியூருக்கு மேற்கே, மலையடியில்
பதினொரு வீடு, ஒரு துணை சுகாதார நிலையம்.
காற்றாலை மின்சாரம் பாயும் கம்பி
தலைக்கு மேலே ஊரைத் தாண்டிப் போகிறது,
கீழே குனிந்து பார்க்காமல்.

லாட்ஜ் அறையில் உட்கார்ந்து
அந்த ஊரை எக்செல் தாளில் கட்டினேன்.
வீட்டுக்கு மூன்று பல்பு, ஒரு ஃபேன், போன்கள்.
தடுப்பூசிக்குச் சின்ன ஃபிரிட்ஜ்.
ஆறிலிருந்து பத்து மணி வரை
வளைகோட்டில் ஒரு திமில்.
இருபது வருட வெயிலை இறக்குமதி செய்து
தகடுகள் மேல் மணி மணியாகக் கொட்டினேன்.

நேரில் போனால்
திமில் அதிகாலை மூன்றரைக்கு இருக்கிறது.
விடியுமுன் பீடிக்கட்டு முடிய வேண்டும்.
பேட்டரி வற்றிக் கிடக்கும் நேரத்தில்தான்
இலை வெட்ட வெளிச்சம் கேட்கிறார்கள்.

அழித்து வரைந்தேன்.
ஆடிக்காற்றின் செம்புழுதிக்கு ஏழு சதவீதம் கழிவு.
சித்திரையில் தகடு சூடேறிச் சோர்வதற்குப் பத்து
(வெயில் கூடினால் கரண்டு குறையும் என்பதை
நம்பவைக்க ரெண்டு டீ ஆனது).
ஐப்பசியில் நாலு நாள் மூட்டம்.
பேட்டரியைப் பெரிதாக்கினேன், பணம் ஒத்துவரவில்லை.
சிறிதாக்கினேன்.
கடைசியில் வந்தது:
வருடத்தில் இரண்டே சதவீதம்தான் தவறும்.

சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.
நர்ஸ் முப்புடாதி போனில் தட்டிப் பார்த்தாள்.
"நூத்தி எழுபத்தஞ்சு மணி நேரம் வருது.
அது எந்தெந்த மணின்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்,
அன்னைக்குப் பிள்ள பெறாமப் பாத்துக்கிடுதோம்."

நான் மட்டும் சிரித்தேன்,
பாதியில் நிறுத்தினேன்.

பிறகு, எது முதலில் அணைய வேண்டும் என்று
அவர்களே வரிசை சொன்னார்கள்:
ஃபேன். போன். வீட்டு பல்பு.
பிரசவ அறையும் ஃபிரிட்ஜும் கடைசிவரைக்கும்.
"பீடி ஒருநா கிடக்கட்டும்"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
அந்த வாக்கியத்துக்கு என் தாளில் கட்டம் இல்லை,
புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்.

ஐப்பசி, மூட்டத்தின் மூன்றாம் இரவு.
அளவிக் கருவி எனக்கு அனுப்பிய எண்கள்:
மூன்று நாற்பது. பதினொரு வீடும் பூஜ்யம்.
ஃபிரிட்ஜ் போக, நிலையத்தில் நாற்பது வாட்.
நாலரை, அதே நாற்பது.
விதிப்படி இவை
தவறிய மணிகளில் சேரும். சேர்த்தேன்.

ஐந்து இருபதுக்கு
நாற்பது நாற்பத்தைந்தானது.
யாரோ போனைச் செருகியிருக்கிறார்கள்,
யாருக்கோ சொல்ல.