ஆறு கோட்டுக்காரன்

முந்நூறு லிட்டர் கடல்,
க்ரோனிங்கனில், மூன்றாம் மாடியில்.
வெளியே வாய்க்கால் உறைந்து கிடக்க
உள்ளே இருபத்தைந்து பாகை.

வீப்கே பட்டியலோடு கடைக்குப் போனாள்.
முதல் வரி: மஞ்சள் டாங்க்.
தொட்டி எவ்வளவு நீளம், என்றார் ஷூர்ட்.
ஒரு மீட்டர்.
பென்சிலால் அடித்துவிட்டார்.

இப்போது யார் யார் குடியிருக்கிறார்கள்?
கோமாளி மீன் ஒரு ஜோடி.
அப்புறம், ஆறு கோட்டு ராஸ் ஒன்று.
பென்சில் நின்றது.
"அப்படியென்றால் உனக்கு மீன் வேண்டாம்.
ஒரு வாளி வேண்டும்."

ஞாயிறு முழுக்கப் பாறை பாறையாக எடுத்தோம்.
குளியலறையெங்கும் உப்புநீர் வாளிகள்,
அவற்றில் முகம் சுருக்கிய பவளங்கள்.
சுண்டுவிரல் நீளம்தான் அவன்.
வலையைப் பார்த்தான், வீப்கேயைப் பார்த்தான்,
இல்லாத ஓட்டைக்குள் போய்விட்டான்.

போன வருடம் சோபாவின் பின்னால்
காய்ந்து கிடந்தது நெருப்பு மீன்.
மூடி போடாதது நம் தப்பு என்றாள் அன்று.
இன்று, முழங்கை வரை நனைந்து,
"அது தாவவில்லை, ஓடியிருக்கிறது" என்றாள்.

இரவு பத்தரைக்கு அகப்பட்டான்.

இப்போது மணலில் ஒரு கோபி,
அதனோடு கண் மங்கிய இறால்.
இறால் வளை தோண்டும்,
கோபி வாசலில் காவல்.
இறாலின் மீசையொன்று எப்போதும்
கோபியின் வால்மேல்.

வீப்கே மணிக்கணக்கில் அதையே பார்க்கிறாள்.

நான் சனிக்கிழமை உப்பு வாங்கப் போனேன்.
கடைசி வரிசை, தனித்தொட்டி.
ஆறு கோடும் மினுங்க
கண்ணாடிவரை வந்து நின்றான்.
பாதி விலை.
இன்னும் யாரும் கேட்கவில்லையாம்.