திரிக் கணக்கு

கொக்குவில் சங்கக்கடையில்
மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதுகிறவள் நான்.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தை
ஒருவரும் புரட்டுவதில்லை.
அங்கேதான் தளபதிக்கு
ஒரு கணக்குத் திறந்தேன்.

வானொலிக்குப் பற்றரி இல்லை.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
மதியாபரணம் பெடலைக் கையால் சுற்றுவார்.
டைனமோ முனகும்.
கொழும்பு பேசத் தொடங்கும்.
"போர் இறுதிக் கட்டத்தில்" என்பார் தளபதி.
மதியாபரணத்துக்குக் கை உளைந்தால்
இறு... திக்... கட்...
தளபதியின் குரல் இழுபட்டு
மாடு கத்துவது போலக் கிடக்கும்.
கைமாறி நான் சுற்ற
மறுபடி நிமிர்ந்து வெற்றி பெறுவார்.

எதிரியிடம் மிஞ்சியது அறுநூறு பேர்தான் என்றார்.
எழுதினேன்.
வைகாசியில் கொல்லப்பட்டோர் இருநூற்றுப் பத்து.
ஆனியில் நூற்றெண்பது.
ஆடியில் முந்நூற்று நாற்பது.
கழித்துப் பார்த்தேன்,
விரலை மடக்கி இன்னொரு தரமும் பார்த்தேன்:
சைபருக்குக் கீழே நூற்றுமுப்பது பேர்.
ஆவணி முழுவதும்
அந்த நூற்றுமுப்பது பேரோடுதான் சண்டை.
இல்லாதவர்களைத் தேடி வந்த ஷெல்
தபாற்கந்தோர் ஒழுங்கையில்
இருந்தவர்கள் மேல் விழுந்தது.

இந்தப் பக்கத்துக்கும் ஒரு நிரல் போட்டேன்.
ஒலிபெருக்கி கட்டிய வான்
சந்தியில் வந்து நின்று
விடியல் வாசலில் என்றது.
போன மாசமும் வாசலில்தான் நின்றது.
"ஆராவது ஒரு கதிரை போட்டு
உள்ளுக்கு வரச் சொல்லுங்கோவன்"
என்றார் மதியாபரணம்,
வான் போன பிறகு,
அதையும் மெல்லமாக.
அந்த நிரலை மட்டும்
பென்சிலால் எழுதிவந்தேன்.

தீபாவளிக்கு மின்சாரம் என்றார் தளபதி.
எந்தத் தீபாவளிக்கு என்று சொல்லவில்லை.
மூன்றே மாதம் என்றார் வேறொரு நாள்.
அன்று பின்னேரமே பெரியகடையில்
சவர்க்காரம் இருபது ரூபா ஏறியது.
முதலாளிமார்
வானொலியை எங்களைவிடக்
கவனமாகக் கேட்கிறார்கள்.

ஒரு தொகை மட்டும்
எந்த அலைவரிசையிலும் வருவதில்லை.
சித்திரையில் என் மேசையில்
அறுநூற்றுப் பதினான்கு கூப்பன் அட்டை.
மார்கழியில் ஐந்நூற்று நாற்பத்தேழு.
கிளாலிக் கடலைக் கடந்தவர்கள் உண்டு,
கடக்கப் போனவர்கள் உண்டு.
இன்பராணி அக்கா அட்டையை நீட்டி
மகனின் பெயரை வெட்டச் சொன்னாள்.
"வந்தால் திரும்ப எழுதலாம்தானே, பிள்ளை?"
இரண்டு நிரலிலும் தேடினேன்.
அவன் ஒருவருடைய வெற்றியிலும் இல்லை,
ஒருவருடைய இழப்பிலும் இல்லை.
பேனையைத் திறந்தேன், மூடினேன்.
நாலு பேருக்கென்றே எண்ணெய் அளந்து விட்டேன்.
கணக்குப் பரிசோதகர் கேட்டால்
புனலில் ஒழுகிற்று என்பேன்.

அந்த மூன்று மாதத்தைக் கேட்டு
வாய்விட்டுச் சிரித்தவள்
நான் ஒருத்திதான்.
சிரித்த கையோடு
ஜாம் போத்தல் விளக்குகளுக்குத் திரிநூல்
இரண்டு வருடத்துக்குப் போதுமாக
எழுதி அனுப்பினேன்.
தலைமைக் காரியாலயத்தில் திட்டினார்கள்,
அபசகுனம் என்றார் ஒரு கிளாக்கர்.
வந்து இறங்கிய அன்று
என்னைக் கெட்டிக்காரி என்றது ஊர்.

நேற்றுக் கடைசிக் கண்டும் தீர்ந்தது.
மதியாபரணத்தின் பழைய சாரத்தைக் கிழித்து
நீளநீளமாகத் திரித்துக்கொண்டிருக்கிறேன்.
நல்ல பருத்தி, புகை குறைவு.
அவர் சைக்கிளைக் கவிழ்க்கிறார்.
செய்திக்கு நேரமாம்.

இரண்டு வருடம் என்று நினைத்திருக்கிறேன்!
எனக்கும் நெஞ்சில் ஒரு பதக்கம் குத்தலாம்.