ஆறு கலை

நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
ஏலம் முடிய நான்கு நிமிடம்.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
நாற்பத்திரண்டு பெட்டியையும் காட்டாமல் போகாது.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
முந்தானையை இழுத்துப் போனுக்கு நிழல் கட்டினேன்.

கிடான்ஸ்க் என்ற துறைமுகத்திலிருந்து ஒரு பழைய செக்ஸ்டண்ட்.
கறுப்பு பெயிண்ட் உரிந்தது.
அடிவானக் கண்ணாடியில் ரசம் போனது.
பெட்டி உண்டு, சாவி இல்லை.
"வேலை செய்கிறதா எனத் தெரியாது."
இப்படி எழுதுகிறவர்கள் இரண்டு வகை:
தெரியாதவர்கள்,
நன்றாகத் தெரிந்தவர்கள்.
ஒன்பது படத்தில் எட்டு, பெட்டியின் படம்.
ஒன்பதாவதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
வளைவின் பற்களைப் பார்த்தேன்,
சந்தையில் மாட்டின் வாயைப் பிளப்பவர்களைப் போல.

நான் எடைமேடை நடத்துகிறவள்.
பத்து கிலோவுக்குக் கீழே என் மேடைக்குக் கண் கிடையாது.
டிரைவர் இறங்கினாரா, சீட்டிலேயே தூங்கினாரா என்பதில்
ஒன்றரை மூட்டை நெல் கூடும், குறையும்.
வருடத்துக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளர் வந்து
சரி என்று ஈயத்தில் குத்திவிட்டுப் போவார்.
அதனால்தானோ என்னவோ,
ஒரு பாகையை அறுபது கலையாக்கி
ஒரு கலையை அறுபது விகலையாக்கி
அதிலும் பத்தைப் பிரித்துச் சொல்லும் ஒரு பொருள்
என் மேசையில் இருக்கவேண்டும் என்று பட்டது.
கப்பலுக்காக அல்ல.
கடலென்று நான் பார்த்தது வேளாங்கண்ணியில், இரண்டு தரம்,
முழங்கால் வரை.

எனக்கு ஒரு எதிராளி உண்டு.
பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் தெரியும்,
நடுவில் மூன்று நட்சத்திரம்.
ஐந்து முறை, கடைசி ஆறு நொடியில்
என் விலைமேல் விலை வைத்து அள்ளிப்போனவர்.
அவர் கேட்கும் நேரங்களைக் குறித்துவைத்து
எந்தத் தீர்க்கரேகையில் தூங்காமல் இருக்கிறார் என்று
ஒரு மழைநாளில் கணக்குக்கூடப் போட்டேன்.

கடைசிப் பெட்டி கடந்தது.
ஆறு நொடி. நான்கு. ஒன்று.
அவர் வரவில்லை.
நினைத்ததில் பாதி விலைக்கு எனக்கு விழுந்தது.
கேட் தூக்கியாகிவிட்டது,
பின்னால் கும்பகோணம் பஸ் ஹாரனை அழுத்துகிறது,
நான் அந்த மூன்று நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சுங்கத்திலிருந்து கடிதம்: பொருளின் நோக்கம்?
அளக்க, என்று எழுதினேன்.
மறுபடி கடிதம்: எதை?
இருக்கும் இடத்தை, என்றேன்.
அதற்குமேல் கேட்கவில்லை. வரி மட்டும் போட்டார்கள்.

மார்கழி வரை காத்திருந்தேன்.
அடிவானமில்லாத ஊரில் சூரியனைப் பிம்பத்தோடு சேர்த்து அளக்கவேண்டும்,
மற்ற மாதங்களில் நம் சூரியன்
இரட்டித்தால் இந்த வளைவுக்குள் அடங்காது.
லாரியில் வடித்த கறுப்பு ஆயிலைத் தாம்பாளத்தில் ஊற்றி
எடைமேடையின் நடுவில் வைத்தேன்.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை எண்ணும் சகாயராணி
போனில் நேரம் சொன்னாள்.
மேலே ஒரு சூரியன், ஆயிலில் ஒன்று.
திருகைத் திருக, இரண்டும்
விளிம்போடு விளிம்பு
மெல்லத் தொட்டன.

பாதியாக்கி, கழித்து, கூட்டி, பார்த்தால்
ஆறு கலை பிழை.
கலைக்கு இரண்டு கிலோமீட்டர் கொஞ்சம் குறைய.
கருவி எங்களைத் தூக்கி
மன்னார்குடியில் வைத்திருந்தது.
"அங்கதான் போகணும்னு இருந்தேன்,
பஸ் காசு மிச்சம்" என்றாள் சகாயராணி.

கண்ணாடியின் பிழையா, ஆயிலின் பிழையா,
கையா, கடிகாரமா.
கிடான்ஸ்கின் தெரியாதவர்தான் தெரிந்தவரா.

நேற்று இரவு ஒரு அடிவானக் கண்ணாடி ஏலத்துக்கு வந்தது.
எனக்குத் தேவையானதேதான்.
வேண்டுமென்றே குறைத்துக் கேட்டேன்,
யாராவது என்னை மிஞ்சட்டும் என்று.
வெண்ணாற்றுப் பக்கமிருந்து பனி இறங்க
கடைசி ஆறு நொடியும்
திரையையே பார்த்திருந்தேன்.

கண்ணாடியும் எனக்கே விழுந்தது.